ஷீட்டில் ஒரே ஒரு கிளிக்... ‘டபிள்யூபிஎஸ் ஆபீஸ்’ ஓட்டையும், சொல்லாமல் அடைத்த நிறுவனமும்

2024 பிப்ரவரி 29-ம் தேதி, வைரஸ்டோட்டல் தளத்தில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் பதிவேற்றப்பட்டது. சந்தேகமாக இருக்கும் ஃபைலை அந்தத் தளத்தில் போட்டால், பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அலசிப் பார்த்து முடிவு சொல்லும். பதிவேறிய ஷீட் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. வரிசைகள், கட்டங்கள், எழுத்துகள் எல்லாம் இருந்தன. ஆனால், அவை நிஜமான கட்டங்கள் கிடையாது. கட்டங்களைப் போலவே தெரியும்படி ஒட்டப்பட்ட ஒரு படம். ஏதோ செல்லைத் தொடுவதாக நினைத்து அதன்மீது ஒரு கிளிக் செய்தால் போதும். கம்ப்யூட்டருக்குள் உளவு மென்பொருள் இறங்க ஆரம்பித்துவிடும்.

கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் கடைசியில், ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த சைபர் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் இந்த ஷீட்டைப் பிரித்து மேய்ந்தது. குறி வைக்கப்பட்டது மைக்ரோசாஃப்ட் எக்செல் இல்லை. அதற்குப் போட்டியான ‘டபிள்யூபிஎஸ் ஆபீஸ்’ மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு. தாக்குதல் நடத்தியவர்கள் பயன்படுத்திய ஓட்டை அப்போதைக்கு வெளியுலகில் யாருக்கும் தெரியாதது. சரி, நிறுவனத்துக்காவது தெரியுமா என்று பார்த்தால், அங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. மார்ச் மாதமே ஒரு அப்டேட்டில் அந்த ஓட்டையை நிறுவனம் அடைத்திருந்தது. ஆனால், அடைத்ததை யாரிடமும் சொல்லவில்லை என்கிறது ஈசெட். போதாக்குறைக்கு, அடைத்ததும் முழுசாக இல்லை.

உலகம் முழுக்க 50 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்துவதாக டபிள்யூபிஎஸ் தானே சொல்லிக்கொள்ளும் மென்பொருள் இது. இந்த வகை ஓட்டை எப்படி வருகிறது, கால் நூற்றாண்டாகியும் ஏன் ஒழியவில்லை, சத்தமில்லாமல் சரிசெய்வது ஏன் பிரச்னை என்பதைப் பார்க்கலாம்.

டபிள்யூபிஎஸ் யாருடையது?

சீனாவின் கிங்சாஃப்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. டாஸ் காலத்திலேயே சீன மொழி டைப்பிங்குக்காக வந்த பழைய மென்பொருள். ஷாவ்மி ஃபோன்களை ஆரம்பித்த லெய் ஜுன் இருக்கிறாரே, அவர் ஷாவ்மிக்கு முன்னால் பல வருஷம் கிங்சாஃப்டின் சிஇஓவாக இருந்தவர்தான். நம் ஊரில் பலருக்கும் டபிள்யூபிஎஸ் அறிமுகமானது ஃபோன் ஆப் வழியாக. வாட்ஸ்அப்பில் வரும் வேர்டு ஃபைலையும் பிடிஎஃப்பையும் திறக்க ஓர் இலவச ஆப் தேவைப்பட்டபோது கைக்குக் கிடைத்தது அதுதான். கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பணம் கட்ட மனசு வராதவர்களின் தேர்வு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கே பேசப்படும் ஓட்டைகள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இயங்கும் பதிப்பில் மட்டும் இருந்தவை. ஃபோனில் டபிள்யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் இதற்காகப் பதற வேண்டியதில்லை.

லைப்ரரி என்றால்?

இங்கே லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கும் இடம் இல்லை. ஒரு மென்பொருள் எல்லா வேலைக்கும் தானே கோடிங் எழுதி வைத்திருக்காது. எழுத்துகளைத் திரையில் காட்ட, படத்தைத் திறக்க, பிரின்ட் எடுக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி கோடிங் துண்டுகள் இருக்கும். தேவைப்படும்போது அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். விண்டோஸில் இந்தத் துண்டுகளுக்குப் பெயர் டிஎல்எல். உங்கள் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளின் ஃபோல்டரைத் திறந்தாலும் டிஎல்எல் என்று முடியும் ஃபைல்கள் வரிசையாக நிற்கும்.

கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாமானையும் அவரே வீட்டிலிருந்து தூக்கி வருவதில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, திரும்பாமல் “சாம்பார் பொடி டப்பா எடுப்பா” என்று குரல் கொடுப்பார். உதவிக்கு இருக்கும் பையன் முதலில் மாஸ்டரின் பையில் தேடுவான். இல்லையென்றால் மண்டபத்து ஸ்டோர் ரூம். அங்கேயும் இல்லையென்றால் பக்கத்தில் கண்ணில் படும் இடம். ‘சாம்பார் பொடி’ என்று எழுதிய டப்பா எங்கே கிடைத்தாலும் எடுத்துக் கொடுத்துவிடுவான். மாஸ்டரும் கொட்டிவிடுவார். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, யார் வைத்தது என்று இருவருமே பார்ப்பதில்லை.

விண்டோஸ் பல காலம் இப்படித்தான் நடந்துகொண்டது. ஒரு மென்பொருள் டிஎல்எல்லைப் பெயர் மட்டும் சொல்லிக் கேட்டால், விண்டோஸ் சில ஃபோல்டர்களில் ஒரு வரிசைப்படி தேடும். அந்த வரிசையில், நீங்கள் அப்போது ஃபைலைத் திறந்த ஃபோல்டரும் ஒன்று. அந்த ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு போலி டிஎல்எல்லை யாராவது வைத்துவிட்டால்? வேர்டே அதைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைக்கும். உள்ளே வந்துவிட்ட டிஎல்எல், வேர்டு செய்யக்கூடிய எதையும் செய்யும். உங்கள் ஃபைல்களைப் படிக்கலாம், இன்டர்நெட்டில் யாரிடமாவது பேசலாம்.

இதில் கவனிக்க வேண்டியது: நீங்கள் திறந்த டாக்குமெண்ட் முழுக்கச் சுத்தமானதாக இருக்கலாம். வைரஸ் இருப்பது பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபைலில். ‘தெரியாத ஃபைலைத் திறக்காதீர்கள்’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே பாதிதான் வேலை செய்யும்.

2000-லிருந்து ஒரே கதை

இதை 2000 செப்டம்பரிலேயே எச்சரித்தவர் ஜார்ஜி குனின்ஸ்கி, பல்கேரியாவைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர். ஆபீஸ் டாக்குமெண்ட்டை டபுள் கிளிக் செய்து திறக்கும்போது, அதே ஃபோல்டரில் ‘ரிச்எட்20’ என்ற பெயரில் ஒரு டிஎல்எல் இருந்தால் ஆபீஸ் அதை எடுத்து ஓட்டிவிடுகிறது என்று செய்து காட்டினார்.

ஒரு வருஷம் கழித்து, 2001 செப்டம்பர் 18-ம் தேதி, ‘நிம்டா’ என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. ‘அட்மின்’ என்பதை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டால் வரும் பெயர். மெயில், வெப்சைட், நெட்வொர்க் ஷேர் என்று பல வழிகளில் பரவிய இது, வேர்டு ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்களைத் தேடிப்போய்த் தன்னைத்தானே ஒரு காப்பி போட்டு வைத்தது. அந்தக் காப்பிக்கு அது வைத்த பெயர்? அதே ‘ரிச்எட்20’. ஆபீஸ் நெட்வொர்க்கில் பொதுவாக வைத்திருக்கும் ஃபோல்டரிலிருந்து ஒருவர் ஒரு லெட்டரைத் திறந்தால் அவர் கம்ப்யூட்டரும் காலி.

இதோடு பாடம் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? எக்ஸ்பி காலத்தில் விண்டோஸ் தேடும் வரிசையை மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் மாற்றியது. ஃபைல் திறந்த ஃபோல்டரைப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளியது. ஆனால் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. எங்குமே இல்லாத ஒரு டிஎல்எல்லை மென்பொருள் கேட்டால், தேடல் கடைசியில் அங்கே வந்துதானே ஆக வேண்டும்!

2010 ஆகஸ்டில் விவகாரம் மறுபடி வெடித்தது. ஸ்லோவேனியாவின் ஆக்ரோஸ் நிறுவனம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், மெட்டாஸ்ப்ளாய்ட் கருவியை உருவாக்கிய எச்.டி.மூர் எனப் பலரும் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஒன்றிரண்டு மென்பொருள்கள் இல்லை, விண்டோஸில் ஓடும் ஏராளமான மென்பொருள்களில் இதே தப்பு. ஆகஸ்ட் 23-ம் தேதி மைக்ரோசாஃப்ட் பொது எச்சரிக்கை வெளியிட்டது. ஃபைல் திறந்த ஃபோல்டரில் தேடுவதை நிறுத்த ஒரு செட்டிங்கும் கொடுத்தது. ஆனால் அதை எல்லோருக்கும் தானாக ஆன் செய்யவில்லை. காரணம், பழைய மென்பொருள்கள் பல அந்தப் பழக்கத்தை நம்பியே எழுதப்பட்டிருந்தன. ஒரே அடியாக நிறுத்தினால் அவை படுத்துவிடும்.

அதன்பிறகு ஆபீஸுக்கு மட்டுமே வரிசையாக பேட்ச் வந்தது. 2010 நவம்பர், 2011 ஏப்ரல், 2011 செப்டம்பர் என்று ஒவ்வொரு முறையும் ஆபீஸின் வேறு வேறு பாகத்தில் இதே லைப்ரரி தப்பு. 2012 ஜூலையில் அடைத்தது மேக்ரோக்களை இயக்கும் விபிஏ பாகத்தில். அதை ஏற்கெனவே சிலர்மீது குறிவைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று மைக்ரோசாஃப்டே அறிவிப்பில் சொன்னது. 2014 மே மாதம் வந்தது இன்னும் விசித்திரம். சீன மொழி இலக்கணத் திருத்தியில் ஓட்டை! அந்த வசதியை ஆன் செய்து வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஆபத்து.

விண்டோஸைத் திட்டிவிட்டு லினக்ஸுக்குப் போய்விடலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல். இலவச மென்பொருளான ஓபன்ஆபீஸின் லினக்ஸ் பதிப்பிலும் 2010-ல் இதற்கு அண்ணன் தம்பி முறையில் ஒரு குறை பிடிபட்டது. லைப்ரரி தேட வேண்டிய இடங்களின் பட்டியலில் தவறுதலாக ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. காலி என்றால் ‘இப்போது நிற்கும் ஃபோல்டர்’ என்று லினக்ஸ் அர்த்தம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

அந்த ஷீட்டுக்குள் என்ன இருந்தது?

மறுபடி 2024-க்கு வருவோம். டபிள்யூபிஎஸ் விவகாரத்தில் விண்டோஸின் தேடும் வரிசையைக் குறை சொல்ல முடியாது. இங்கே பையன் எங்கேயும் தேடவே இல்லை. எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பிரச்னை என்னவென்றால், அந்தச் சீட்டை எழுதும் உரிமை பந்திக்கு வந்த யாருக்கு வேண்டுமானாலும் இருந்தது.

எப்படி? ஃபோனில் யுபிஐ லிங்க்கைத் தொட்டால் பேமென்ட் ஆப் தானாகத் திறக்கிறது இல்லையா? ‘இந்த எழுத்தில் ஆரம்பிக்கும் லிங்க் வந்தால் என்னைக் கூப்பிடு’ என்று அந்த ஆப் ஃபோனிடம் பதிவு செய்து வைத்திருப்பதால்தான் அது நடக்கிறது. டபிள்யூபிஎஸும் விண்டோஸில் இன்ஸ்டால் ஆகும்போது ‘கேஎஸ்ஓகிங்’ என்ற பெயரில் தனக்கென ஒரு லிங்க் வகையைப் பதிவு செய்துகொள்கிறது. அந்த வகை லிங்க்கைக் கிளிக் செய்தால் டபிள்யூபிஎஸ் எழுந்து, லிங்க்கில் இருக்கும் கட்டளையைப் படித்து, தன்னுடைய ஒரு துணை புரோகிராமை ஓட்டும். எந்த லைப்ரரியை, எந்த ஃபோல்டரிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் அந்தக் கட்டளையிலேயே இருக்கும். துணை புரோகிராம் அதை அப்படியே எடுத்து ஓட்டிவிடும்.

பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டளையோடு ஒரு சங்கேதக் குறியீடும் வர வேண்டும். ஆனால் அந்தக் குறியீட்டைத் தயாரிக்கும் முறையும் ரகசியச் சொல்லும் டபிள்யூபிஎஸ் மென்பொருளுக்குள்ளேயே இருந்தன. மென்பொருளைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ரகசியமே இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்த மாதிரி.

அடுத்த கேள்வி, போலி லைப்ரரி எப்படி உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்தது? இங்கேதான் அந்த ஷீட்டின் வடிவம் உதவியது. அது வெப் பக்கத்தைப் போலப் படங்களோடு சேர்த்துச் சேமிக்கும் ஒரு பழைய ஃபார்மேட்டில் இருந்தது. உள்ளே ‘இந்த இணைய முகவரியில் இருக்கும் படத்தைக் காட்டு’ என்று ஒரு வரி. ஷீட்டைத் திறந்ததும் டபிள்யூபிஎஸ் நல்லபிள்ளையாக அந்த முகவரிக்குப் போய் ஃபைலை இறக்கித் தன் தற்காலிக ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். வந்தது படம் இல்லை, லைப்ரரி. அந்த ஃபைலுக்கு டபிள்யூபிஎஸ் வைக்கும் பெயர் இணைய முகவரியிலிருந்தே கணக்கிடப்படுவது என்பதால், என்ன பெயரில் எங்கே உட்கார்ந்திருக்கும் என்பது தாக்குபவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். கிளிக் செய்தால் ஓடும் லிங்க்கில் அதே இடத்தைக் குறிப்பிட்டுவிட்டார்கள்.

இன்னொரு சின்ன சிக்கலும் இருந்தது. இறங்கிய ஃபைலின் பெயரில் ‘டிஎல்எல்’ என்ற வால் கிடையாது. வால் இல்லாத பெயரைக் கொடுத்தால் விண்டோஸ் தானே அந்த வாலைச் சேர்த்துத் தேடும், கிடைக்காது. அதற்கு வழி, பெயரின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. புள்ளி இருந்தால் விண்டோஸ் எதையும் சேர்க்காது. இது மைக்ரோசாஃப்டின் கையேட்டிலேயே இருக்கும் விஷயம். படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்!

இவ்வளவு மெனக்கெட்டது யார்? ‘ஏபிடி-சி-60’ என்ற உளவுக் குழு என்கிறது ஈசெட். தென் கொரியாவின் நலன்களோடு ஒத்துப்போகும் குழு, கிழக்கு ஆசிய நாடுகளைக் குறிவைப்பது என்றும் வகைப்படுத்துகிறது. சீனாவில் பரவலாகப் புழங்கும் ஆபீஸ் மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. கடைசியில் இறக்கப்படும் உளவு மென்பொருளுக்கு ‘ஸ்பைகிளேஸ்’ என்று பெயர். இப்படிப்பட்ட குழுக்கள் கண்ட கம்ப்யூட்டரையெல்லாம் தாக்குவதில்லை, ஆள் பார்த்துத்தான் தாக்கும். ஆனால் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் அது அவர்களிடம் மட்டுமே தங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

பாதி அடைத்த ஓட்டை

மார்ச் மாத அப்டேட்டில், லிங்க் வழியாக வரும் லைப்ரரி முகவரியைச் சரிபார்க்கும் வேலையைக் கிங்சாஃப்ட் சேர்த்தது. அந்த ஷீட் அதன்பிறகு வேலை செய்யவில்லை. ஆனால் ஈசெட் ஆய்வாளர்கள் தோண்டியபோது, கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் இன்னொரு உள்ளீடு சரிபார்க்கப்படாமலே கிடந்தது. முன்வாசலில் காவலாளி, கொல்லைப்புறம் திறந்தே இருக்கிறது. முதல் ஓட்டைக்கு சிவிஇ-2024-7262, இரண்டாவதற்கு சிவிஇ-2024-7263 என்று எண். எண் வாங்கிப் பதிவு செய்ததும் ஈசெட்தான். ஆபத்தின் அளவு, 10-க்கு 9.3.

இதன்பிறகு இரு தரப்புக்கும் இடையே நடந்ததை ஈசெட் தேதிவாரியாக வெளியிட்டிருக்கிறது. மே 25-ல் கிங்சாஃப்டைத் தொடர்புகொள்கிறது. ஜூன் 22-ல் ‘எங்கள் குழு இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்று பதில். ஜூலையில் ஈசெட் தானே புதுப் பதிப்பை இறக்கிப் பார்த்தால், இரண்டாவது ஓட்டையும் சத்தமில்லாமல் அடைக்கப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் 22-ல் கிங்சாஃப்ட் சொல்கிறது: ‘அதை மே மாதக் கடைசியிலேயே சரிசெய்துவிட்டோம்’. அப்படியென்றால் ஜூனில் எதற்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்? ஈசெட்டும் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியிருக்கிறது.

இதற்கிடையே சீனாவின் டிபிஆப்செக்யூரிட்டி நிறுவனமும் இதே ஓட்டை பற்றித் தன் ஆய்வை ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. ஆகஸ்ட் 28-ல் கிங்சாஃப்ட் இரண்டு ஓட்டைகளையும், அடைத்ததையும் ஒப்புக்கொண்டது. ஆனால் முதல் ஓட்டை நிஜத் தாக்குதலில் பயன்படுத்தப்பட்டதை விளம்பரப்படுத்த ஆர்வம் காட்டவில்லை என்கிறது ஈசெட். அதே நாள் ஈசெட் எல்லாவற்றையும் வெளியிட்டது. செப்டம்பர் 3-ம் தேதி அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஸா, ‘தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகள்’ பட்டியலில் முதல் ஓட்டையைச் சேர்த்து, செப்டம்பர் 24-க்குள் சரிசெய்யும்படி மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கெடு விதித்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறுவனம் அடைத்தது மார்ச்சில். தாக்குதல் நடந்த விஷயம் பயனாளர் காதுக்கு வந்தது ஆகஸ்ட் கடைசியில். இடையில் ஐந்து மாதம்.

சொன்னால் ஆபத்தா?

சொல்லாமல் இருப்பதற்கு மென்பொருள் உலகில் ஒரு பழைய நியாயம் உண்டு. ‘இங்கே ஓட்டை இருந்தது’ என்று அறிவித்தால், அப்டேட் செய்யாதவர்களைத் தேடிப் போக ஹேக்கர்களுக்கு நாமே வழி காட்டின மாதிரி ஆகிவிடும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எடுபடாது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து எங்கே கோடிங் மாறியிருக்கிறது என்று ஒப்பிடுவது ஹேக்கர்களின் அன்றாட வேலை. அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. மாறிய இடம் தெரிந்தால், ஓட்டை இருந்த இடமும் தெரிந்துவிடும். டபிள்யூபிஎஸ் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே: ஹேக்கர்களுக்குத்தான் முதலில் தெரியும்! தெரியாமல் இருந்தது பயனாளருக்கு மட்டும்தான்.

‘புதிய பதிப்பு வந்திருக்கிறது’ என்று திரையின் மூலையில் வரும் பெட்டியை நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் ‘பிறகு நினைவூட்டு’. வேலை அவசரத்தில் இருப்பவருக்கு, புது டிசைன் வந்திருக்கிறது என்பதற்கும் உளவு பார்க்க ஒரு வழி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் அந்தப் பெட்டியில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஓர் அலுவலகத்தில் 200 கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மினுக்கும் இதே நிலைமைதான். எதை இன்றைக்கே செய்ய வேண்டும், எது அடுத்த மாதம் வரை தாங்கும் என்று பிரிப்பதற்கு அவருக்கு இருக்கும் ஒரே ஆதாரம் நிறுவனத்தின் அறிவிப்பு. அது வராவிட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

இந்த இடத்தில் மைக்ரோசாஃப்டை ஒப்பிடலாம். லைப்ரரி பிரச்னையில் பத்து வருஷம் மெத்தனமாக இருந்த அதே நிறுவனம்தான். ஆனால் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, எந்த ஓட்டை, எவ்வளவு ஆபத்து, யாராவது ஏற்கெனவே பயன்படுத்துகிறார்களா என்று பட்டியல் போட்டுச் சொல்லும் வழக்கத்தை வைத்திருக்கிறது. 2012-ன் விபிஏ ஓட்டையில் தாக்குதல் நடந்தது நமக்குத் தெரிவதே அந்த அறிவிப்பால்தான்.

சட்டம் இருக்கிறதா?

சீனாவிலேயே இருக்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஓட்டை பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தயாரிப்பாளர் தொழில்துறை அமைச்சகத்திடம் சொல்ல வேண்டும். இந்த விதி வெளிநாட்டில் சர்ச்சையானது, ‘அரசுக்கு முதலில் சொன்னால் அதை அரசே பயன்படுத்திக்கொள்ளாதா’ என்ற கேள்வியால். ஆனால் அதே விதியில், பயனாளர் அப்டேட் செய்ய வேண்டிய நிலை இருந்தால் ஆபத்தையும் சரிசெய்யும் முறையையும் அவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்ற வரியும் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறாராகப் போயிருக்கிறது. ‘சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்’ என்ற சட்டம் 2024 டிசம்பர் 10-ல் அமலுக்கு வந்தது. அதில் தகவல் சொல்லும் கடமை தொடங்கும் தேதி 2026 செப்டம்பர் 11. நிஜத் தாக்குதலில் ஓட்டை பயன்படுத்தப்படுவது தெரிந்தால் 24 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை, 72 மணி நேரத்தில் விவரமான அறிக்கை, சரிசெய்த 14 நாளுக்குள் இறுதி அறிக்கை. பாதிக்கப்படும் பயனாளர்களுக்கும் சொல்ல வேண்டும். மீறினால் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 2.5 சதவிகிதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது முக்கியமில்லை. ஐரோப்பாவில் விற்றால் போதும்.

இந்தியாவில்? செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் கொண்டுவந்த உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். 2023-ன் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம், டேட்டா கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லச் சொல்கிறது. இரண்டுமே சம்பவம் நடந்த பிறகு, பாதிக்கப்பட்ட அமைப்பு செய்ய வேண்டியவை. மென்பொருளை விற்றவர் ‘எங்கள் பொருளில் ஓட்டை, உடனே அப்டேட் பண்ணுங்க’ என்று வாங்கினவரிடம் சொல்வது வேறு விஷயம். இந்த இரண்டும் அதைக் கேட்கவில்லை. ஐரோப்பியச் சட்டத்துக்குப் பயந்து நிறுவனங்கள் அறிவிக்க ஆரம்பித்தால், அறிவிப்பு இணையத்தில்தானே வரும், நமக்கும் தெரிந்துவிடும். இப்போதைக்கு நமக்குக் கிடைக்கக்கூடிய பலன் அந்த ஓசி எச்சரிக்கைதான்.

இப்போது என்ன செய்யலாம்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் டபிள்யூபிஎஸ் இருந்தால், அது எப்போது இன்ஸ்டால் செய்தது என்று யோசியுங்கள். ஓட்டை 2023 ஆகஸ்ட் வாக்கில் வந்த பதிப்பிலிருந்து இருந்தது. இரண்டும் முழுசாக அடைபட்டது 2024 மே மாதக் கடைசியில். நடுவில் இன்ஸ்டால் செய்து அப்படியே விட்டிருந்தால் இன்றே அப்டேட் செய்ய வேண்டும். டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடை, சின்ன ஆபீஸ்களில் ஒரு பென் டிரைவில் செட்டப் ஃபைலை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதையே எல்லாக் கம்ப்யூட்டரிலும் போடும் பழக்கம் இருக்கிறது. அந்த செட்டப் ஃபைலை அழித்துவிட்டு, டபிள்யூபிஎஸ்ஸின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். பழையதைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது நல்லது.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்தான் வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று. மெயிலில் ஒரு ஜிப் ஃபைல் வருகிறது, பிரித்தால் டாக்குமெண்ட்டோடு சேர்த்து வேர்டின் ஐகானோடு ஒரு புரோகிராமும், கூடவே டிஎல்எல் ஃபைல்களும் இருக்கின்றன என்றால் எதையும் திறக்காமல் அழித்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஒரிஜினல் வேர்டு புரோகிராமையே காப்பி எடுத்து, அது தேடும் ‘டபிள்யூடபிள்யூலிப்’ என்ற டிஎல்எல்லின் இடத்தில் போலியை வைத்து அனுப்புவது ‘மஸ்டாங் பாண்டா’, ‘ஓஷன்லோட்டஸ்’ போன்ற உளவுக் குழுக்கள் பலமுறை செய்த வேலை. புரோகிராம் ஒரிஜினல் என்பதால் ஆன்டிவைரஸ் சும்மா இருந்துவிட வாய்ப்பு உண்டு. உங்களுக்கு லெட்டர் அனுப்புகிறவர், கூடவே வேர்டையும் சேர்த்து அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.